அரை டேங்க், முழு டேங்க்

அன்புள்ள உங்களுக்கு,

‘அன்புள்ள’ என்பது பழக்கத்தில் வந்துவிட்டது, இன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே நான், அத்தை, குட்டி மூவரும் நலம். நீங்களும் நலமாகவே இருங்கள். இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்கத் தெம்பு வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசுகிறவர் நீங்கள், ‘ம்’ போடுகிறவள் நான். கப்பல் கரைக்கு வந்தால்தான் உங்களுக்கு லைன் கிடைக்கிறது. கிடைத்தாலும் பக்கத்தில் நாலு பேரை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா? அதனால்தான் அடுத்த துறைமுகத்து ஏஜென்ட் முகவரிக்கு இதை அனுப்புகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும். குட்டிக்கு முன்பல் ஆடுகிறது. நாக்கால் தள்ளித் தள்ளி எல்லாருக்கும் வேடிக்கை காட்டுகிறாள். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. தண்ணீர் மோட்டார் மறுபடியும் கத்துகிறது. மாடிக் குழாய் ஒழுகுவதற்கு நானே துணி சுற்றி வைத்திருக்கிறேன். செய்தி முடிந்தது.

இனி வண்டி.

செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் அருமை மோட்டார் சைக்கிள் பாலத்து மேட்டில் நின்றுவிட்டது. ஓரமாக, மரியாதையாக நின்றிருந்தால் நான் எழுதவே மாட்டேன். மேட்டில் பாதி வரை நன்றாகத்தான் ஏறியது. பிறகு பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு சுணக்கம். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகியும் இழுவை இல்லை. இரண்டு விக்கல் விக்கி அணைந்துபோனது. ஏற்றம் இல்லையா, வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் மணல் லாரி. அந்த டிரைவர் பிரேக் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. லாரி நின்றபோது அதன் முன்கம்பிக்கும் பின்சீட்டில் கட்டியிருந்த என் ஐஸ் பெட்டிக்கும் நடுவில் கை நுழைக்கத்தான் இடம் இருந்தது. அவர் இறங்கி வந்து என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்துவிட்டு அவரே வண்டியைத் தள்ளி ஓரம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெட்டிக்குள் அன்று காலை பரிசோதனைக்காக வீடு வீடாக எடுத்த ரத்தம் இருந்தது. வெயிலில் நின்றதில் ஐஸ் இளகிவிட்டது. லேபுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அதில் பாதி எதற்கும் உதவாது என்று ஒதுக்கிவிட்டார்கள். அதில் ஒன்று கைக்குழந்தையின் ரத்தம். நரம்பே தட்டுப்படாத கை அது, தடவித் தடவிப் பார்த்து எடுத்திருந்தேன். மறுநாள் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போய் அந்தக் கையிலேயே குத்தினேன். பெற்றவள் குழந்தையின் முகம் என் பக்கம் திரும்பாதபடி தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

லேப் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் எனக்கு ஒதுக்கிய வீடுகளை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டிவரும், உள்ளே உட்கார்ந்து பார்க்கிற வேலை எதுவும் இப்போது காலியில்லை என்றார். வேலை போய்விடும் என்பதைத்தான் இப்படி நாசூக்காகச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் படித்த படிப்பு இது. இத்தனை வருஷம் அலமாரியில் தூங்கியதை இப்போதுதான் எழுப்பியிருக்கிறேன். காலையில் வீட்டுக்கு வீடு வெறும் வயிற்றோடு எனக்காகக் காத்திருக்கிறார்கள். மணி அடித்ததும் உள்ளே யாராவது ‘வந்துட்டாங்க’ என்கிறார்கள். இந்த வேலையை நான் விட மாட்டேன். உங்கள் வண்டிக்காகவும் விட மாட்டேன், உங்களுக்காகவும் விட மாட்டேன்.

இது புதிதாக வந்த சீக்கில்லை என்பது உங்களுக்கே தெரியும். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்தவரை வண்டி முணுமுணுத்ததில்லை. பாலம் தாண்டி லேபுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்துதான் இந்தக் கூத்து. கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், சுணங்கும், நிற்கும். சற்று நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். ஒவ்வொரு தடவையும் உங்களிடம் சொன்னேன். பிளக் என்றீர்கள், மாற்றினேன். கார்புரேட்டரில் தூசி என்றீர்கள், உங்கள் நண்பர் டைட்டுவிடம் கொண்டுபோனேன். எந்த வண்டி வந்தாலும் எதையாவது முறுக்கிவிட்டு ‘டைட் பண்ணிட்டேன்’ என்று துணியில் கையைத் துடைக்கிற மெக்கானிக்கை நீங்கள்தான் எனக்குச் சிபாரிசு செய்தீர்கள். அவர் கழற்றினார், கழுவினார், மாட்டினார், தெருமுனைவரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். தெருமுனைவரை அது எனக்கும்தான் நிற்காமல் ஓடும், பாலம்வரை ஓட்டிப் பாருங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வண்டி தங்கம், தங்கச்சிக்குத்தான் இன்னும் கை பழகவில்லை என்று உங்களுக்குப் போன் செய்து சொன்னார். பக்கத்தில் நான் நிற்கிறேன், என்னிடம் சொல்லவில்லை.

அதிலிருந்து வண்டியை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். கிளட்சைப் பாதி அமுக்கியபடி ஓட்டுகிறேனாம். சோக்கை மூட மறக்கிறேனாம். டேங்க் அடியில் கசடு இருக்கும், பெட்ரோல் குறைந்தால் அது இறங்கி அடைக்கும், எப்போதும் முழு டேங்க் வைத்துக்கொள், ரோட்டில் டேங்க் மூடியைத் திறக்காதே, தூசி விழும் என்றீர்கள். சொன்னது சொன்னபடி செய்தேன். வண்டி முன்னைவிடச் சீக்கிரம் நின்றது.

அதைத்தான் போன தடவை போனில் கேட்டேன். முழு டேங்க் அடித்த அன்று பாலத்தையே தாண்டுவதில்லை, அரை டேங்க் இருக்கிற அன்று பாலம் தாண்டி மார்க்கெட்வரை போய்விட்டுத்தான் நிற்கிறது, இது ஏன் என்றேன். நீங்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினீர்கள். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு சிரித்தீர்கள். என் வீட்டுக்காரிக்கு வண்டி ஓட்டத் தெரியாது, வண்டிக்கு வயிறு நிறைந்தால் தூக்கம் வருகிறது என்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னீர்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். யாரோ ஒருவர் இருமி இருமிச் சிரித்தார். இங்கே ஹாலில் அத்தையும் குட்டியும் இருந்தார்கள், அவர்களுக்கும் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் அழுகைதான் முந்திக்கொண்டது.

சிரித்து முடித்ததும், என் அண்ணனை அனுப்புகிறேன், வண்டியை எடுத்துப்போய்த் தன் ஷெட்டில் போட்டு வைப்பான், வந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்றீர்கள். அண்ணன் வரும்வரை நான் எப்படிப் போவது என்று கேட்டேன். ‘இத்தனை நாள் எப்படிப் போனியோ அப்படிப் போ’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அண்ணன் இன்னும் வரவில்லை. நான் இத்தனை நாள் எப்படிப் போனேனோ அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். அப்படிப் போன ஒரு நாள்தான் செவ்வாய்க்கிழமை.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். இன்ஜின் அறையிலேயே குடித்தனம் நடத்துகிற ஃபிட்டர் நீங்கள். சிரிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நான் சொன்னதைச் சொன்னபடி யோசித்து, ஏன் நிற்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். அண்ணனை அனுப்ப வேண்டாம். வண்டி போனால் வேலையும் போகும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். இருமல் மருந்து தீர்ந்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கோபத்தில் இருக்கிறவள்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
வண்டி ஓட்டத் தெரியாத உங்கள் மனைவி

*

உங்களுக்கு,

இந்தத் தடவை ‘அன்புள்ள’ போடவில்லை, கவனித்திருப்பீர்கள்.

போன கடிதம் உங்கள் கைக்கு வந்ததா என்று தெரியாது. பதில் இல்லை. இனி அதற்குப் பதில் வேண்டியதும் இல்லை. வண்டி ஏன் நின்றது என்று நானே கண்டுபிடித்துவிட்டேன்.

சனிக்கிழமை பாலத்து அடியிலேயே சுணக்கம் ஆரம்பித்தது. மேட்டில் ஏற்றாமல் ஓரம் கட்டினேன். கிக்கரை உதைத்து உதைத்துக் கால் மரத்துப்போனது. ஆட்டிப் பார்த்தால் டேங்குக்குள் பெட்ரோல் சளக் சளக்கென்கிறது. உங்கள் மேல் வந்த ஆத்திரத்தில், திறக்காதே என்று நீங்கள் சொன்ன டேங்க் மூடியைத் திறந்தேன். புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. உங்கள் பேச்சை மீறி ஏதாவது ஒன்று செய்ய வேண்டும் போலிருந்தது, அது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். சாவியைத் திருகியும் மூடி வரவில்லை. உள்ளேயிருந்து ஆள் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். உஸ்ஸென்று காற்றை உறிஞ்சிக்கொண்டு திறந்தது. மறுபடி மூடிவிட்டு உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பியது.

அதற்கப்புறம் நான் சும்மா இருப்பேனா? அன்று முழுக்க வண்டி எங்கெங்கே சுணங்கியதோ அங்கங்கே நிறுத்தி மூடியைத் திறந்து மூடினேன். ஒவ்வொரு தடவையும் அதே உஸ், ஒவ்வொரு தடவையும் ஒரே உதை. பெட்டி நேரத்துக்கு லேபுக்குப் போய்ச் சேர்ந்தது. மருந்துக் குப்பியிலிருந்து ஊசியில் மருந்து எடுப்பதற்கு முன்னால் குப்பிக்குள் கொஞ்சம் காற்றை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மருந்து வராது, அடம்பிடிக்கும். எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுத்த பாடம் அது. டேங்கும் அப்படித்தானே? பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று போக வேண்டும். முழு டேங்க் என்றால் உள்ளே இருக்கிற காற்று கொஞ்சம், சீக்கிரமே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அரை டேங்க் என்றால் காற்று அதிகம், மார்க்கெட்வரை தாங்கும். உங்கள் தோழர்களிடம் சொல்லுங்கள், வண்டிக்கு வயிறு நிறைந்து தூக்கம் வரவில்லையாம், மூச்சு முட்டியிருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். காற்று போகிற சின்ன ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அழுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். நகத்தால் சுரண்டினால் நகம்தான் உடைந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை அங்கே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மூடியை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். இது அழுக்கு இல்லை, குழாய் அடைக்கிற பசை என்றார். பிறகு சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

“நம்ம புள்ளதான் அடைச்சான். ஊருக்குக் கிளம்பற அன்னைக்கு இதே மேசையில உக்காந்து பிசைஞ்சு அடைச்சான். எதுக்குடான்னு கேட்டேன். ‘இவ எங்க ஓட்டப்போறாம்மா? ரெண்டு நாள் ஆசைக்கு ஓட்டிட்டு மூலைல நிறுத்திடுவா. நான் வர்ற வரைக்கும் டேங்க்ல ஈரம் இறங்காம இருக்கட்டும்’னான்.”

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அத்தையிடம் கத்தினேன். பாவம், டேங்க் மூடிக்கும் வண்டி நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கத்தினதற்கு உடனே மன்னிப்பும் கேட்டேன். அவர் பீன்ஸை நறுக்கிக்கொண்டே, அவன் அப்பாவும் இப்படித்தான், கொடுக்கிற மாதிரி கொடுப்பார், கையை எடுக்க மாட்டார் என்றார்.

கிளம்பிய அன்று வாசலில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? அக்கம்பக்கத்தார் எல்லாரும் வழியனுப்ப நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் சாவியை என் கையில் வைத்து, இனிமேல் இது உன் வண்டி என்றீர்கள். எதிர் வீட்டு டீச்சர் கை தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்கச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்தச் சாவியைக் கொடுப்பதற்கு முன்னாலேயே இவள் எங்கே ஓட்டப்போகிறாள் என்று மூடியை அடைத்துவிட்டுத்தான் வாசலுக்கு வந்திருக்கிறீர்கள். என்னை என்ன உப்புக்குச் சப்பாணி என்று நினைத்தீர்களா? ஓட்ட மாட்டாள் என்று தோன்றினால் கொடுக்காமல் இருந்திருக்கலாம். நான் சண்டையா பிடித்திருப்பேன்?

மூடியைக் கொல்லைப்புறம் கொண்டுபோய், சாக்குத் தைக்கிற கோணூசியைச் சூடாக்கிக் குத்திக் குத்திப் பசையை நோண்டி எடுத்தேன். ஊசி பிடிக்கிற கைதானே, கொஞ்ச நேரத்தில் ஓட்டை தெரிந்தது. வாயை வைத்து ஊதிப் பார்த்தேன், காற்று போனது. அன்றிலிருந்து வண்டி நிற்கவில்லை. பாலமும் ஏறுகிறது, மார்க்கெட்டும் தாண்டுகிறது, முழு டேங்கோடும் ஓடுகிறது.

இதோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடைத்துவிட்டு மறந்திருப்பீர்கள், கப்பலில் ஆயிரம் ஓட்டையை அடைக்கிறவருக்கு இது ஒன்றா நினைவிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேற்று உங்கள் அண்ணன் வந்து அந்தச் சமாதானத்தைக் கெடுத்துவிட்டார்.

ஒரு சின்ன லோடு வண்டி, கட்டுவதற்குக் கயிறு, கூட ஒரு டிரைவர், எல்லா ஏற்பாட்டோடும்தான் வந்தார். வந்தவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. உட்காரவில்லை. வண்டியைக் கிளப்பிப் பார்க்கவில்லை. டேங்க் மூடியைத் திறக்கணும், சாவி கொடும்மா என்றார். சட்டைப் பையிலிருந்து கூரான மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். மூடியைத் திறந்தார், திருப்பினார், சுத்தமாக இருந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்ன தேடுறீங்க அத்தான் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, சும்மா பார்த்தேன் என்று கம்பியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்குப் பொய் சொல்ல வராது. காது சிவந்துவிட்டது.

சரி, தம்பி எடுத்து வரச் சொல்லியிருக்கிறான் என்று கயிற்றை எடுத்தார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பின்னால் ஏறுங்க, பாலம் தாண்டிக் காட்டுகிறேன், நடுவில் ஒரு தடவை விக்கினால்கூட நீங்களே கொண்டுபோங்க என்றேன். அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை, ஏறுடா, உன்னைக் கடிச்சா தின்னுடுவா என்றார். அவர் உடம்பு உங்களுக்குத் தெரியும், ஏறியதும் டயர் பாதி அமுங்கியது. பின்கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பாலத்து மேட்டில் பார்த்தும்மா, பார்த்தும்மா என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவரையும் சுமந்துகொண்டு வண்டி மேட்டை ஏறி, இறங்கி, மார்க்கெட்டைத் தாண்டி லேப் வாசலில் போய் நின்றது. இதுதான் நான் வேலை செய்கிற இடம் என்று காட்டினேன். டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடித்துவிட்டு, வண்டி நல்லாத்தான் இருக்கு, நீயே வச்சுக்கம்மா என்றார். வெறும் லோடு வண்டியோடு திரும்பிப் போனார்.

இப்போது சொல்லுங்கள். வண்டியை எடுத்துப்போக வந்தவருக்கு டேங்க் மூடியின் அடியில் என்ன வேலை? அங்கே குத்துவதற்குக் கம்பி கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? யார் சொன்னாரோ, அவருக்கு அது எப்போது தெரியும்?

இதற்கு மட்டும் பதில் வேண்டும். போனில் சொன்னாலும் சரி. பக்கத்தில் யாரையும் வைத்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

உங்களுக்கு,

நேற்று நீங்கள் பேசியபோது நான் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டேன். லைன் கெட்டுப்போகவில்லை. நான்தான் வைத்தேன்.

நீங்கள் சொன்னது இதுதான், இல்லையென்று பிறகு மாற்றிப் பேச வேண்டாம். “அரை டேங்க், முழு டேங்க்னு நீ சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு. நான் அடைச்சதும் ஞாபகம் வந்துடுச்சு. சுத்தி எல்லாரும் இருந்தாங்க. என்ன பண்றதுன்னு தெரியாம சிரிச்சுட்டேன்.”

உண்மையைச் சொன்னதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்கிறார் அத்தை. முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை. அடைத்ததை எப்போதோ மன்னித்துவிட்டேன். என்னை நம்பாமல் போனதைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன், நம்பாதவர்களோடு வாழ்ந்து எனக்குப் பழக்கம் இருக்கிறது. ஆனால் அந்தப் போனுக்கு அப்புறம் நான் தினமும் பாலம் ஏறினேன். அந்த லாரி அதற்கு அப்புறம்தான் வந்தது. அந்தக் குழந்தையை இரண்டாவது தடவை குத்தியதும் அதற்கு அப்புறம்தான். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொண்டு ஓட்டு என்று ஒரே ஒரு வாக்கியம் உங்கள் வாயில் தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் உங்கள் தோழர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்குப் பதிலாக உங்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். போயிருக்கக்கூடியது அவ்வளவுதானே?

எல்லாரும் போன பிறகாவது கூப்பிட்டிருக்கலாம். மறுநாள் கூப்பிட்டிருக்கலாம். அண்ணனுக்குப் போன் பண்ண லைன் கிடைத்திருக்கிறது. அவர் நைசாக வந்து, எனக்குத் தெரியாமல் ஓட்டையைக் குத்திவிட்டு, வண்டி சரியாகிவிட்டது என்று கொண்டுவந்து விட்டிருப்பார். நீங்கள் இருந்த இடத்திலிருந்தே சரிசெய்துவிட்டதாகப் பேர் வாங்கியிருப்பீர்கள். அண்ணனை உடனே போகச் சொன்னேனே, அவன் தாமதம் செய்ததற்கு நான் என்ன செய்ய என்றீர்கள். அவர் வரும்வரை எப்படிப் போவது என்று நான் கேட்டதும், அதற்கு நீங்கள் சொன்ன பதிலும் நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. காலையில் கிக்கரை உதைக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

இங்கே எல்லாரும் நலம். குட்டிக்குப் பல் விழுந்துவிட்டது. அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். லேப் மேடம் ஆற்றோரத்து வீடுகளையும் என்னிடமே கொடுத்திருக்கிறார். அத்தை உங்களோடு பேச மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். நான்தான் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். எனக்குக் கோபம் தணிந்துவிட்டதா என்று கேட்டீர்கள். தணியவில்லை. தணியும்போது எழுதுகிறேன், அவசரப்படுத்த வேண்டாம்.

அடுத்த வாரம் கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி வேலை என்று சொன்னீர்கள். உள்ளே காற்று போதாது, இறங்குகிறவனுக்கு ஒன்றும் தெரியாது, மேலே வாயருகில் நிற்கிறவன் பார்த்துச் சொன்னால்தான் உண்டு என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். மேலே நிற்கிற அந்த மனிதர் யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்காகத்தான் நேற்றிலிருந்து வேண்டிக்கொள்கிறேன். ஏதாவது தப்பாகத் தெரிந்தால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள், யார் சிரிப்பார்கள் என்று அவர் பார்க்கக் கூடாது. தெரிந்த அந்த நொடியே உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவராக அவர் இருக்க வேண்டும்.

பத்திரமாக மேலே ஏறி வாருங்கள்.

உங்கள் மனைவி